அத்தியாயம் 7: ‘ஜவ்வு கிழிஞ்சிருச்சு’ என்றால் எந்த ஜவ்வு?

ஊர்த் திருவிழாவில் கபடி நடக்கிறது. ரெய்டு போன பையன் போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பப் பார்க்கிறான். இடது பாதம் தரையில் ஊன்றியபடியே இருக்க, உடம்பு மட்டும் வலப்பக்கம் சுழல்கிறது. அதே நொடியில் ஒருவர் கணுக்காலைப் பிடிக்கிறார், இன்னொருவர் தொடைமேல் வந்து விழுகிறார். மூட்டுக்குள் ‘டப்’பென்று ஒரு சத்தம். கூட்டத்துக்குக் கேட்காது, அவனுக்குக் கேட்கும்.

அடுத்த பத்து நிமிடம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் போகிறது. ஒருவர் காலைப் பிடித்து இழுத்துவிடுகிறார். ஒருவர் ஸ்ப்ரே அடிக்கிறார். ‘எந்திரிச்சு நட தம்பி, சரியாப் போயிரும்’ என்கிறார் பெரியவர் ஒருவர். அவன் நடந்தும் விடுகிறான். விடிவதற்குள் மூட்டு இளநீர்க் காய் போல வீங்கி நிற்கிறது. எண்ணெய் போட்டு உருவுகிறார்கள், கட்டுப் போடுகிறார்கள், மூன்று வாரத்தில் வீக்கம் வடிகிறது. வலியும் போய்விடுகிறது. மறுபடி ஆடப் போகிறான். இரண்டாவது ஆட்டத்திலோ மூன்றாவதிலோ, யாருமே தொடாதபோது, கால் தன்னால் மடங்கி விழுகிறான். முதல் நாள் அறுந்தது ஒரு நார். இந்த முறை அதோடு சேர்த்துக் குருத்தெலும்பும் கிழிகிறது.

அந்த இரண்டாவது விழுதலைத் தடுப்பதற்காகவே இந்த அத்தியாயம். முதல் காயம் விளையாட்டில் நேரும். எவ்வளவு கவனமாக ஆடினாலும் சிலருக்கு நேரத்தான் செய்யும். இரண்டாவது பெரும்பாலும் தவிர்க்கக் கூடியது. வீக்கம் வடிந்துவிட்டால் மூட்டு ஆறிவிட்டது என்று வீரரும் வீட்டாரும் பயிற்சியாளரும் சேர்ந்து நம்புவதால்தான் அது நேர்கிறது.

ஒரு சொல், ஆறு உறுப்புகள்

தமிழ்நாட்டில் மூட்டுக்குள் எது கிழிந்தாலும் ‘ஜவ்வு’தான். பேச்சுக்கு அது போதும், வைத்தியத்துக்குப் போதாது. அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது ஆறு உறுப்புகள் ஒளிந்திருக்கின்றன.

மூட்டின் நடுவே பெருக்கல் குறி போல் குறுக்கும் மறுக்குமாக இரண்டு தசைநார்கள் போகின்றன. முன்னால் இருப்பது ஏ.சி.எல்., பின்னால் இருப்பது பி.சி.எல். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும் முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்து வைப்பது ஏ.சி.எல்.; பின்னால் போகாமல் தடுப்பது பி.சி.எல். மூட்டின் உட்பக்கச் சுவராக எம்.சி.எல்., வெளிப்பக்கச் சுவராக எல்.சி.எல். இவை நான்கும் தசைநார்கள். மீதி இரண்டும் மெனிஸ்கஸ் எனப்படும் குருத்தெலும்பு மெத்தைகள். பிறை நிலா வடிவில், தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில் உட்கார்ந்து உடம்பின் பாரத்தை வாங்கிக்கொள்கின்றன.

ஆகவே ‘ஜவ்வு கிழிந்திருக்கிறது’ என்று மருத்துவர் சொன்னதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்த ஜவ்வு, முழுதாகவா பாதியா? எம்.சி.எல். லேசாகக் கிழிந்தவர் சில வாரங்களில் மைதானத்துக்கு வந்துவிடுவார். ஏ.சி.எல். அறுந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் ஒன்பது மாதமாவது காத்திருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல், ஒரே கட்டு, ஒரே மாத்திரை என்று போனால் ஒரு பருவமே பாழாகும்.

கேட்டாலே பாதி தெரியும்

நல்ல மருத்துவர் மூட்டைத் தொடுமுன் கதையைக் கேட்கிறார். கால் எப்படி இருந்தது, யாராவது மோதினார்களா, சத்தம் கேட்டதா, அதன்பின் ஆட முடிந்ததா, வீக்கம் எப்போது வந்தது. இந்த ஐந்துக்கும் பதில் சரியாகக் கிடைத்தால் பெரும்பாலான காயங்களின் பெயர் அங்கேயே தெரிந்துவிடும்.

இவற்றில் முக்கியம் கடைசிக் கேள்வி. அடிபட்ட சில மணி நேரத்துக்குள் மூட்டு இறுகி வீங்கினால் உள்ளே நிரம்புவது ரத்தம். அப்படி ரத்தம் கட்டிய மூட்டுகளில் சுமார் 70 சதவீதத்தில் ஏ.சி.எல். கிழிந்திருக்கும். அன்று இரவு ஒன்றுமில்லாமல் மறுநாள் மெல்ல வீங்கினால் மெனிஸ்கஸ் மேல் சந்தேகம் கொள்ளலாம். ஆகவே பயிற்சியாளர் தன் நோட்டில் எழுதி வைக்க வேண்டியது வீக்கத்தின் அளவைவிட, அது வந்த நேரத்தைத்தான்.

ஏ.சி.எல். அறுவதற்கு யாராவது வந்து மோத வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பத்துக்கு ஏழு காயங்கள் மோதலே இல்லாமல் நேர்கின்றன. வேகமாக ஓடி வந்தவர் சட்டென்று நிற்கிறார், திசை மாற்றுகிறார், குதித்து ஒற்றைக் காலில் இறங்குகிறார். அப்போது முழங்கால் உள்பக்கம் சரிந்தால் அந்த நாரால் தாங்க முடிவதில்லை. வெளிப்பக்கத்திலிருந்து ஒருவர் வந்து மோதினால் முதலில் அடி வாங்குவது எம்.சி.எல். மடங்கிய முழங்காலோடு நேராகத் தரையில் விழுகிற கோல்கீப்பருக்கு பி.சி.எல். போகும், கார் விபத்தில் முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கும்போதும் அதுவே. உட்கார்ந்து எழும்போது மூட்டு பூட்டுப் போட்டது போல் நின்று, நீட்டவே முடியாமல் போனால், கிழிந்த மெனிஸ்கஸ் துண்டு இடையில் சிக்கியிருக்கிறது. ‘மூட்டே கழண்டு போய்த் திரும்ப உட்கார்ந்துச்சு’ என்று பதின்வயதுப் பிள்ளை சொன்னால், முழங்கால் சில்லு வெளிப்பக்கம் விலகித் தானே திரும்பியிருக்கலாம். இதை ஏ.சி.எல். என்று தவறாக எடுத்துக்கொள்வதும் உண்டு, ஏ.சி.எல். அறுந்ததைச் சில்லு விலகியதாக நினைப்பதும் உண்டு.

இன்றைக்கு எந்த ஊர் ஆட்டத்தையும் யாராவது ஒருவர் போனில் பிடித்துக்கொண்டிருக்கிறார். அந்த வீடியோவைக் கேட்டு வாங்கி மருத்துவரிடம் காட்டுவது நல்லது. கால் எந்தப் பக்கம் சரிந்தது என்பதைப் படுத்துக் கிடந்தவரால் சொல்ல முடியாது, வீடியோ சொல்லும்.

களத்தில் முதல் ஒரு மணி நேரம்

இழுக்கக் கூடாது, நடக்கவைத்துப் பார்க்கக் கூடாது. ஏ.சி.எல். அறுந்தவரால் நேர்கோட்டில் நடக்க முடியும், சிலரால் மெல்ல ஓடவும் முடியும். நடந்துவிட்டார் என்பதால் எதுவும் நிரூபணம் ஆவதில்லை.

முதலில் பார்க்க வேண்டியது பாதம். சூடாக இருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா, பாதத்தின் மேற்புறம் நாடி துடிக்கிறதா, விரல்களை மேல்நோக்கித் தூக்க முடிகிறதா. முழங்காலில் அடிபட்டவரின் பாதத்தை எதற்குப் பார்க்க வேண்டும் என்று தோன்றலாம். மூட்டுக்குப் பின்னால், எலும்பை ஒட்டியே, காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் இறங்குகிறது. மூட்டு முழுதாக விலகினால் அந்தக் குழாய் கிழியலாம், அல்லது உள்சுவர் நைந்து அடைத்துக்கொள்ளலாம். ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டத்தை மீட்காவிட்டால் காலையே இழக்க நேரிடும். இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு: விலகிய மூட்டு பல சமயம் ஆஸ்பத்திரிக்கு வருமுன்னே தன் இடத்துக்குத் திரும்பிவிடும். எக்ஸ்ரேயில் எலும்புகள் ஒழுங்காகத் தெரியும். கிழிந்த குழாய் அந்தப் படத்தில் தெரியாது. எல்லாப் பக்கமும் ஆடுகிற மூட்டைக் கண்டால், நாடி துடித்தாலும்கூட, ரத்தக்குழாய்ப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும்.

மூட்டு விலகல் எவ்வளவு பெரிய காயம் என்பதற்குக் கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த் சாட்சி. அவருக்கு நேர்ந்தது மைதானத்தில் அல்ல. 2022 டிசம்பர் 30 அன்று ரூர்க்கி அருகே நடந்த கார் விபத்தில் அவருடைய வலது முழங்கால் மூட்டே விலகியது. மும்பையில் தசைநார்களுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. 2024 மார்ச் 23 அன்றுதான் ஐ.பி.எல். ஆட்டத்துக்கு மீண்டும் களமிறங்கினார். ஏறக்குறைய பதினைந்து மாதம். அதே ஆண்டு செப்டம்பரில் சேப்பாக்கத்தில் வங்கதேசத்துக்கு எதிராக அவர் அடித்த டெஸ்ட் சதத்தைப் பார்த்தவர்கள், அவர் விக்கெட்டுக்குப் பின்னால் எத்தனை முறை உட்கார்ந்து எழுந்தார் என்பதையும் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

பாதம் நன்றாக இருந்தால், கால் கிடக்கிற நிலையிலேயே மட்டையோ கனமான அட்டையோ வைத்துக் கட்டி, உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தல் என்ற நான்கு அடிகளையும் 1978-ல் எழுதியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். ஐஸை நாள்கணக்கில் வைத்துக்கொண்டே இருந்தால் ஆறுவது தாமதப்படலாம் என்று பின்னாளில் அவரே சொன்னார். ஆகவே ஐஸ் வலியைக் குறைக்க மட்டும், முதல் ஒன்றிரண்டு நாளைக்கு.

எண்ணெய் போட்டு உருவுவதைப் பற்றித் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். உருவிவிடுகிறவரின் அக்கறையில் குறையில்லை. ஆனால் முதல் மூன்று நாளில் மூட்டுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது. அழுத்தித் தேய்ப்பதும் சூடு வைப்பதும் அந்தக் கசிவைக் கூட்டும். உள்ளே எலும்பு விரிசல் இருந்தால் அதை விலக்கியும் விடும்.

ஆஸ்பத்திரியில்

எல்லா மூட்டுக்கும் எக்ஸ்ரே வேண்டுமா? கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1990-களில் இதற்கு ஒரு விதி வகுத்தார்கள். வயது 55 அல்லது அதற்கு மேல். சில்லில் மட்டும் தொட்டால் வலி. மூட்டுக்குக் கீழே வெளிப்பக்க எலும்பின் தலையில் வலி. 90 டிகிரி மடக்க முடியவில்லை. அடிபட்டபோதும் ஆஸ்பத்திரியிலும் நான்கு அடி வைக்க முடியவில்லை. இதில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எதுவுமே இல்லையென்றால் எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

எக்ஸ்ரேயில் தசைநார் தெரியாது என்றாலும் அது விட்டுச்சென்ற தடயம் சில நேரம் தெரியும். கீழ்க்கால் எலும்பின் வெளிமேல் ஓரத்தில் நகத்துண்டு போல் ஓர் எலும்புத் துணுக்கு பெயர்ந்திருந்தால் அதற்கு ‘செகோன் முறிவு’ என்று பெயர். பாரிஸ் அறுவை மருத்துவர் போல் செகோன் அதை விவரித்தது 1879-ல், எக்ஸ்ரே என்ற ஒன்று கண்டுபிடிக்கப்படுவதற்கே முன்னால். பார்க்கச் சின்ன முறிவு. ஆனால் அது இருந்தால் ஏ.சி.எல். அறுந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து மருத்துவரின் கை. முழங்காலை 20, 30 டிகிரி மட்டும் மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறு கையால் கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்ப்பது லாக்மன் பரிசோதனை. நார் நன்றாக இருந்தால் ‘டக்’கென்று ஓரிடத்தில் நிற்கும். அறுந்திருந்தால் முடிவில்லாமல் மெத்தென்று வரும். ஃபிலடெல்ஃபியாவின் ஜான் லாக்மன் பெயரால் 1976-ல் பதிவான இந்தச் சோதனைதான் இன்றும் ஏ.சி.எல்.லுக்கு நம்பகமானது. நல்ல காலையும் சோதித்து ஒப்பிட வேண்டும். சிலருக்கு இயல்பாகவே மூட்டு தளர்வாக இருக்கும். முதல் நாள் வீக்கத்திலும் வலியிலும் தசைகள் இறுகிப் பிடித்துக்கொள்வதால் எதுவும் தெரியாமல் போகலாம். அதனால் ஒரு வாரம், பத்து நாள் கழித்து மறுபடி பரிசோதிக்கச் சொல்வது மருத்துவரின் தயக்கம் ஆகாது. அதுதான் சரியான முறை.

இன்னொரு எளிய சோதனையை யாரும் செய்யலாம். படுத்தபடி, முழங்காலை நீட்டி, காலைத் தூக்கச் சொல்வது. தூக்கவே முடியவில்லை என்றால் சில்லு உடைந்திருக்கலாம், அல்லது சில்லுக்கு மேலோ கீழோ உள்ள தசைநாண் (தசையின் இழுவையை எலும்புக்குக் கடத்தும் நாண்) அறுந்திருக்கலாம். இதற்குப் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைதான், அதுவும் தள்ளிப்போடாமல்.

எம்.ஆர்.ஐ. கடைசியில் வர வேண்டியது. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரைத் தேடுவது தலைகீழ் வழி. மெனிஸ்கஸில் ‘கிரேடு 1’, ‘கிரேடு 2’ என்று அறிக்கையில் அச்சடித்திருப்பதைப் படித்துப் பயந்து வருகிறவர்கள் பலர். அவை மெத்தைக்குள் தெரியும் நிழல் மாற்றங்களே. மேற்பரப்பு வரை வந்த கிழிசல் அல்ல. படம் மட்டும் பார்த்து வைத்தியம் செய்தால் தேவையில்லாத மூட்டுக்குள் கருவி நுழைந்துவிடும்.

கத்தியா, பயிற்சியா

எம்.சி.எல்.லுக்குப் பெரும்பாலும் பிரேஸும் பயிற்சியும் போதும். அதற்கு ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் தானே ஆறிக்கொள்ளும். தனியாகக் கிழிந்த பி.சி.எல்.லும் பெரும்பாலும் அப்படியே.

மெனிஸ்கஸில்தான் வீரர்கள் அவசரப்பட்டுத் தவறான முடிவெடுக்கிறார்கள். அதன் வெளி ஓரத்துக்கு மட்டும் ரத்தம் வருகிறது. உள் ஓரத்துக்கு வருவதில்லை. வெளி ஓரக் கிழிசலைத் தைத்தால் ஆறும். ஆனால் தைத்தால் சில மாதம் ஆட முடியாது. கிழிந்த துண்டை வெட்டி எடுத்தால் சில வாரத்தில் ஆடலாம். ‘வெட்டிருங்க டாக்டர், அடுத்த மாசம் டோர்னமென்ட்’ என்று கேட்கிற இருபது வயதுக்காரருக்கு, மெத்தை போன மூட்டு நாற்பது வயதில் எப்படித் தேயும் என்பதை யாராவது பொறுமையாகச் சொல்ல வேண்டும். தைக்க முடிகிறதைத் தைப்பதுதான் நல்லது.

ஏ.சி.எல். கதை நீண்டது. 1895-ல் இங்கிலாந்தின் லீட்ஸில் மேயோ ராப்சன் என்ற மருத்துவர் ஒரு சுரங்கத் தொழிலாளியின் அறுந்த குறுக்குத் தசைநார்களைத் தைத்தார். இப்போது பொதுவாகத் தைப்பதில்லை. தொடையின் பின்தசைநாணையோ, சில்லுக்குக் கீழுள்ள தசைநாணின் ஒரு பகுதியையோ எடுத்து, ஆர்த்ரோஸ்கோபி (சிறு துளையில் கேமராவை நுழைத்துச் செய்வது) வழியாகப் புது நாராகப் பொருத்துகிறார்கள்.

எல்லாருக்கும் அது உடனே வேண்டுமா? ஸ்வீடனில் 121 இளைஞர்களை வைத்து நடத்தி 2010-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பதில் தருகிறது. பாதிப் பேருக்கு உடனே அறுவை. மீதி 59 பேருக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு அறுவை. இரண்டு ஆண்டு கழித்து இரு தரப்பின் நிலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த 59 பேரில் 23 பேர்தான் அதற்குள் அறுவைக்குப் போயிருந்தார்கள். ஆனால் அவர்கள் தொழில்முறை வீரர்கள் அல்லர். கபடி, கால்பந்து, கூடைப்பந்து என்று திரும்பி வெட்டி ஓடுகிற ஆட்டத்துக்குப் போக வேண்டியவருக்கும், பயிற்சி செய்தும் கால் நழுவிக்கொண்டே இருப்பவருக்கும் அறுவைச் சிகிச்சையே பொருத்தம். வாரம் ஒரு நாள் ஓட்டம், சைக்கிள், நீச்சல் போதும் என்பவர் மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

எதுவானாலும், வீக்கம் வடிந்து கால் முழுதாக நீளும் வரை அறுவையைத் தள்ளிவைப்பது பெரும்பாலோருக்கு நல்லது. விறைத்த மூட்டில் கை வைத்தால் பிறகும் விறைப்பே மிஞ்சும். மெனிஸ்கஸ் சிக்கி மூட்டு பூட்டிக்கொண்டவருக்கு மட்டும் காத்திருக்க நேரமில்லை.

நான்காவது மாதத்து நம்பிக்கை

பொருத்திய நார் ஒரு வேடிக்கையான வழியில் உயிர் பெறுகிறது. வைத்த நாளில் அது உறுதியாக இருக்கும். பிறகு பழைய செல்கள் மடிய, புது ரத்தக்குழாய்கள் ஊடுருவ, சில மாதம் வலு குறைந்து, அப்புறம்தான் மெல்ல மெல்ல முதிரும். வீரருக்கோ மூன்று, நான்கு மாதத்தில் வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. உடம்பு துறுதுறுவென்று இருக்கும். அந்த நாள்களில் அவரைக் களத்துக்கு வெளியே வைத்திருப்பதுதான் பயிற்சியாளரின் கடினமான வேலை.

நார்வேயில் 106 பேரை இரண்டு ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு 2016-ல் வெளிவந்தது. ஒன்பது மாதம் வரை, திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. தசை வலு, தாவல் சோதனை எல்லாவற்றிலும் நல்ல காலோடு ஒப்பிட்டு 90 சதவீதம் எட்டிய பிறகு ஆடியவர்களில் 5.6 சதவீதம் பேருக்கே மறுபடி அடிபட்டது. எட்டாமல் ஆடியவர்களில் 38.2 சதவீதம் பேருக்கு. ஒற்றைக் கால் தாவலுக்குச் சுண்ணாம்புக் கோடும் அளக்கும் டேப்பும் போதும். எந்தப் பள்ளி மைதானத்திலும் செய்து பார்க்கலாம்.

பிரேசில் கால்பந்து வீரர் ரொனால்டோவுக்கு நேர்ந்தது வேறு காயம், சில்லுக்குக் கீழுள்ள தசைநாண். 1999 நவம்பரில் அடிபட்டு அறுவை செய்துகொண்டவர், 2000 ஏப்ரல் 12 அன்று இன்டர் அணிக்காக லாசியோவுக்கு எதிராக இறங்கினார். சுமார் ஏழு நிமிடம்தான் ஆடினார். யாரும் தொடாமலே அதே நாண் முற்றிலும் அறுந்தது. அதன்பின் அவர் எடுத்துக்கொண்ட நீண்ட காலமும், 2002 உலகக் கோப்பையில் அடித்த 8 கோல்களும் எல்லாருக்கும் தெரிந்தவை.

மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் 2016 ரியோ ஒலிம்பிக் காலிறுதியில் முழங்காலில் அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் வெளியேறினார். 2018-ல் காமன்வெல்த், ஆசியப் போட்டி இரண்டிலும் தங்கம் வென்றார். 2023 ஆகஸ்டில் மறுபடி முழங்கால் அறுவை. ஓராண்டு கழித்து பாரிஸ் ஒலிம்பிக்கில், சர்வதேச ஆட்டங்களில் அதுவரை தோல்வியே அறியாத ஜப்பானின் யுய் சுசாகியை வீழ்த்தினார். ரவீந்திர ஜடேஜா 2022 செப்டம்பரில் முழங்கால் அறுவைக்குப் பின் நேராக டெஸ்டுக்குப் போகவில்லை. 2023 ஜனவரியில் சேப்பாக்கத்தில் தமிழ்நாட்டுக்கு எதிரான ரஞ்சி ஆட்டத்தில் நீண்ட ஓவர்கள் வீசிப் பார்த்து, ஓர் இன்னிங்ஸில் 7 விக்கெட் எடுத்து, பிறகே நாக்பூர் டெஸ்டுக்குப் போனார். மாவட்ட அணி வீரருக்கும் இதே வரிசை பொருந்தும்: முதலில் தனியாக ஓட்டம், பிறகு அணியோடு மோதல் இல்லாத பயிற்சி, பிறகு முழுப் பயிற்சி, பிறகு ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடம்.

உடம்பு தயாராகியும் மனது தயாராகாமல் இருப்பதுண்டு. ஏ.சி.எல். அறுவைக்குப் பின் போட்டித் தரத்துக்குத் திரும்பியவர்கள் 55 சதவீதம்தான் என்று 2014-ல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு சொல்கிறது. விட்டவர்களில் பலரைத் தடுத்தது பயம். ‘பயமா இருக்கு சார்’ என்று ஒரு பிள்ளை சொன்னால் அதையும் வீக்கத்தைப் போல ஓர் அறிகுறியாக எழுதிக்கொண்டு, அந்த அசைவை மெதுவாகத் தொடங்கிப் பழக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளும் இருபது நிமிடமும்

கால்பந்து, கூடைப்பந்து இரண்டிலும் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏ.சி.எல். காயம் இரண்டு மூன்று மடங்கு அதிகம். 2022-23 பருவத்தில் ஆர்சனல் அணியின் பெத் மீட், விவியான் மீடமா, லியா வில்லியம்சன் மூவரும் அடுத்தடுத்து ஏ.சி.எல். அறுந்து 2023 உலகக் கோப்பையை இழந்தார்கள். உடலமைப்பு ஒரு காரணம். சிறு வயதிலிருந்தே பெண் பிள்ளைகளுக்குக் குதித்து இறங்கவும் எடை தூக்கவும் யாரும் கற்றுத் தராதது இன்னொரு காரணம். இதை மாற்றுவது பள்ளிகளின் கையில் இருக்கிறது.

‘ஃபிஃபா 11+’ என்ற தயார்ப் பயிற்சிக்கு 20 நிமிடம் ஆகும், ஒரு பந்து போதும். ஓட்டம், தொடைத் தசைகளுக்கும் வயிற்றுத் தசைகளுக்கும் வலு, ஒற்றைக் கால் சமநிலை, குதித்து இறங்குதல். கபடி, கோ-கோ, கைப்பந்து எதற்கும் இதை மாற்றிக்கொள்ளலாம். ஒரே ஒரு இடத்தில் கண் வைத்தால் போதும்: பிள்ளை குதித்து இறங்கும்போது பயிற்சியாளர் முன்னால் நின்று பார்க்க வேண்டும். முழங்கால்கள் இரண்டும் உள்பக்கம் முட்டுவது போல் வந்தால் நிறுத்தி, முட்டி பாதத்தின் நேர்மேலே நிற்கும்படி, இறங்கும் சத்தம் கேட்காத அளவுக்கு மெத்தென்று இறங்கும்படி, திரும்பத் திரும்பச் செய்யவைக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள், பருவம் முழுக்க.